பெனிங்கா, பூசிங்கா?

அன்புள்ள அக்கா,

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, வலப்பக்கம் புரண்டு படுத்தபோது அறையே சுழன்றது. ஒரு நிமிடம்கூட இருக்காது. வியர்த்துப்போய்க் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். காது மூக்குத் தொண்டை நிபுணர் தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தார், சரியாகிவிட்டது. ஏழு வாரம் கழித்து மறுபடி வந்தது. அன்றிலிருந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். மனைவியிடம் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன். வேலை கிடங்கில், ஏணி ஏற வேண்டும். அங்கும் யாருக்கும் தெரியாது. நண்பர் கொடுத்த தலைசுற்றல் மாத்திரையைப் பாதுகாப்புக்காகத் தினமும் போடுகிறேன். எங்கள் வட்டாரத்தில் இப்படித் தொல்லை உள்ள சிலர் சனிக்கிழமைகளில் கூடிப் பேசுகிறார்களாம். என்னையும் அழைக்கிறார்கள். மற்றவர் நோயைக் கேட்டுக் கேட்டு என் நோய் கூடிவிடாதா? உங்களுக்கும் இது வந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அப்போது எப்படி எழுத முடிந்தது?

பெயர் வெளியிட வேண்டாம்
உட்லண்ட்ஸ்

அன்புள்ள தம்பி,

குழுவில் பேசினால் நோய் கூடிவிடாது. தாராளமாகப் போங்கள். எழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: எனக்கு நோய் இருந்த அந்த ஆறு வாரமும் நான் ஒரு வரி எழுதவில்லை. அதை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒன்று. ‘அறையே சுழன்றது’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆனது. சில வாரங்களாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

2009. சளிக்காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பும் அலமாரியும் இடமிருந்து வலமாக ஓட ஆரம்பித்தன. கண்ணை மூடினாலும் ஓடின. இரண்டு நாள் வாந்தி. மூன்றாம் நாள் மகள் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். மருத்துவர் என்ன செய்கிறது என்று கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது ‘மயக்கமா வருது’ என்பதுதான். மகள் அதை மயங்கி விழுவது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஓய்வெடுங்கள் என்று மருத்துவ விடுப்புச் சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த மருத்துவரை நான் குறை சொல்லமாட்டேன். நான் கொடுத்த சொல்லுக்கு அவர் வைத்தியம் பார்த்தார்.

தம்பி, நம் மயக்கம் என்ற சொல் ஒரு கடல். பசியில் கண் இருட்டினாலும் மயக்கம், கருவுற்றவளுக்கு வருவதும் மயக்கம், கள் குடித்தாலும் காதலித்தாலும் மயக்கம். இலக்கணத்தில் ஒரு வேற்றுமை இன்னொன்றின் இடத்தில் வந்தால் அதுவும் மயக்கம். கவிதைக்கு இத்தனை பொருளும் வரம். பத்து நிமிடம் மட்டும் கிடைக்கும் மருத்துவரின் அறையில் அதுவே ஆபத்து. நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? கிறுகிறுப்பு இருக்கிறது, தலைசுற்றல் இருக்கிறது, தள்ளாட்டம் இருக்கிறது, கண்ணைக் கட்டுவது இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு. ஆனாலும் எல்லாவற்றையும் மயக்கம் என்ற ஒரே பையில் போட்டுக் கட்டி, மேலே பித்தம் என்று எழுதி ஒட்டிவிடுகிறோம். படித்தவர்களும்தான். சொல்லையே பிழைப்பாகக் கொண்ட நானும்தான்.

பதினோராம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய்க் கல் மேசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் புளோக்கின் நாலாம் மாடி அக்கா வந்தார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் முப்பது வருடம் மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டியவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பெனிங்கா, பூசிங்கா?”

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலாயில் பெனிங் என்றால் தலை கிறுகிறுத்துக் கனப்பது. பூசிங் என்றால் சுற்றுவது, திரும்புவது. எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. “பூசிங்தான் அக்கா, வீடே சுத்துச்சு” என்றேன். “எந்தப் பக்கம்? எவ்வளவு நேரம் நிக்கும்? காது அடைக்குதா? உள்ள இரைச்சல் கேக்குதா?” அடுக்கிக்கொண்டே போனார். அவருக்கு மெனியேர் என்ற உள்காது நோய் ஆறு வருடமாக. வந்தால் மணிக்கணக்கில் சுழலும், ஒரு காது அடைத்துக்கொள்ளும், கேட்கும் திறன் குறைந்துகொண்டே வரும். அவர் கேள்விகள் எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. தரையில் கிடந்து கிடந்து அவரே கண்டுபிடித்தவை.

மறுநாள் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நான் மயக்கம் என்று சொல்லவில்லை. அடுப்பு இடமிருந்து வலமாக ஓடியது, இரண்டு நாள் நிற்காமல் ஓடியது, காது அடைக்கவில்லை, இப்போது சுழற்சி இல்லை, நடந்தால் சாய்கிறேன் என்றேன். அந்த மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கண் அசைவைப் பார்க்க ஆரம்பித்தார். உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பில் அழற்சி. உங்களுடையது வேறு. உள்காதில் இருக்க வேண்டிய நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டன. தலையைத் திருப்பும்போதெல்லாம் அவை உருள, குழாயில் இருக்கும் திரவம் அசைந்து, நீங்கள் சுழல்வதாக மூளைக்குப் பொய்ச்செய்தி போகிறது. அக்காவுக்கு, எனக்கு, உங்களுக்கு என மூன்று நோய். மூன்றுக்கும் மூன்று வழி. மூன்றையும் நாம் ‘மயக்கம்’ என்கிறோம்!

இப்போது உங்களைத் திட்டப்போகிறேன்.

நிபுணர் உங்கள் தலையைத் திருப்பிச் செய்த அந்த முறையை, அமெரிக்காவின் போர்ட்லண்டில் எப்லி என்ற காது மருத்துவர் 1980இல் மற்ற மருத்துவர்கள் முன் செய்துகாட்டினார். நம்ப ஆளில்லை. ஆய்விதழில் வெளிவர 1992 ஆகிவிட்டது. அந்த மனிதர் அத்தனை வருடம் போராடிய ஒன்று உங்களுக்குச் சில நிமிடத்தில் கிடைத்தது, பலனும் தந்தது. இரண்டாம் முறை வந்தபோது ஏன் திரும்பிப் போகவில்லை? இந்தப் படிகங்கள் மறுபடி இடம் மாறுவது சாதாரணம். மறுபடி அதே முறையைச் செய்யலாம். அதைச் செய்துகொள்ளாமல் ஐந்து மாதத்தில் பாதிக்கு மேல் நாற்காலியில் கழித்திருக்கிறீர்கள். உட்கார்ந்து தூங்கினால் படிகம் தானாக வெளியே வந்துவிடாது. தினமும் விழுங்கும் அந்த மாத்திரை வாந்தியும் சுழற்சியும் கடுமையாக இருக்கும் ஓரிரு நாளுக்கானது. நாள்பட்டுப் போட்டால் மூளை சமநிலையைத் திரும்பக் கற்பதையே தாமதப்படுத்தும். அதுவும் அடுத்தவருக்கு எழுதித் தந்த மாத்திரை. மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

ஏணியைப் பற்றி எழுதவே கை நடுங்குகிறது. தலையை அண்ணாந்தால் சுழலும் நோயை வைத்துக்கொண்டு, கீழே நிற்கும் தொழிலாளியிடம்கூடச் சொல்லாமல் ஏறுகிறீர்கள். விழுந்தால் நீங்கள் மட்டும் விழமாட்டீர்கள். நாளை காலை மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

குழுவைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? 1940களில் இங்கிலாந்தில் காதார்ன், குக்சி என்று இரண்டு மருத்துவர்கள், தலையில் அடிபட்டும் காதில் அறுவை செய்துகொண்டும் தள்ளாடியவர்களுக்காகப் பயிற்சிகளை வகுத்தார்கள். கண்ணை அசைப்பது, தலையை அசைப்பது, குனிந்து நிமிர்வது, பந்தை எறிந்து பிடிப்பது, நடப்பது. அதைத் தனியாகச் செய்யச் சொல்லவில்லை, கூட்டமாகச் செய்யச் சொன்னார்கள். ஏன் என்பதை நான் உடம்பால் அறிவேன். எனக்குச் சொல்லித்தந்த பயிற்சி, நடந்துகொண்டே தலையை இடமும் வலமும் திருப்புவது. குமட்டும். தனியாக இருந்தால் நாலு அடியில் விட்டுவிடுவேன். அக்கா என் கூடவே நடந்தார். கீழ்த்தளத்தின் பன்னிரண்டு தூண்களை எண்ணிக்கொண்டே நடந்தோம். “ஏழாம் தூண் வரைக்கும் குமட்டும், அப்புறம் பாரு” என்பார். ஏழாம் தூணில் குமட்டியது. அதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்ததால் பயமில்லை. வீட்டில் என் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் ‘வேணாம், உக்காரு, படு’ என்றார்கள். நட என்று சொல்ல, சுழன்றவர் ஒருவர் வேண்டியிருந்தது.

குழுவில் ஒன்றில் கவனமாக இருங்கள். ‘எனக்கு இப்படி இருந்தது’ என்பவர் பக்கத்தில் உட்காருங்கள். ‘நீ இதைச் சாப்பிடு’ என்பவரிடமிருந்து தள்ளி உட்காருங்கள். யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்து எந்தக் காது என்றே தெரியாமல் தலையைத் திருப்பவும் கூடாது. பேச்சுக் குழறினால், காட்சி இரண்டாகத் தெரிந்தால், கை கால் ஒரு பக்கம் சோர்ந்தால், எழுந்து நிற்கவே முடியாவிட்டால் அது குழுவிடம் சொல்லும் செய்தி கிடையாது, ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நாலாம் மாடி அக்காவுக்கு இப்போது சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. முதல் வாரம் அவரோடு போனேன், ஆறுதலாக என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தேன். அவர் என் கையைத் தட்டி, “நீ வீட்டுக்குப் போம்மா, பக்கத்து நாற்காலி ஆச்சி இருக்கு” என்றார். சீனக் கிழவி. இருவருக்கும் பொதுவாக இருப்பது பத்துப் பதினைந்து மலாய்ச் சொற்கள். ஊசி குத்தும்போது அந்த ஆச்சி தன் முழங்கையைக் காட்டி “சாக்கிட்?” என்று கேட்டார். “சிக்கிட்” என்றார் அக்கா. கொஞ்சம்தான் வலிக்கிறது என்று. எனக்கு வருத்தமாக இருந்தது. பேருந்தில் திரும்பி வரும்போது ஏழாம் தூண் நினைவுக்கு வந்தது, வருத்தம் போய்விட்டது.

சனிக்கிழமைக்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது, எத்தனை வினாடி, எதெல்லாம் சுழல்கிறது, காதில் என்ன கேட்கிறது. மயக்கம் என்ற சொல் அதில் வரக்கூடாது. நிபுணருக்கு அது உதவும். ஆனால் முதலில் உங்கள் மனைவியிடம் படித்துக் காட்டுங்கள். பாவம் அந்தப் பெண், மூன்று மாதமாக உங்கள் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அன்புடன்,
அக்கா