சிறையில் எழுதிய கடல் வரலாறு

கேள்வி: மத்தியதரைக்கடல் வரலாற்றாசிரியர் பெர்னான் பிரோடெல், போர்க்கைதியாக இருந்தபோதே ஆய்வேட்டை எழுதினாராமே? ஆவணங்கள் இல்லாமல் எப்படி முடிந்தது?

பதில்: அபார நினைவாற்றல்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால், அதற்கு முந்தைய உழைப்பு மறைந்துபோகும். 1923 முதல் 1932 வரை அல்ஜீரியாவில் ஆசிரியர் வேலை. கிடைத்த விடுமுறையில் ஸ்பெயினின் சிமாங்காஸ் ஆவணக் காப்பகம். மற்றவர்கள் கையால் படியெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பழைய சினிமா கேமரா ஒன்றை வாங்கி, ஒரே நாளில் 2,000 முதல் 3,000 படங்கள் வரை எடுத்தார். சுருள்சுருளாகச் சேர்ந்ததைப் பிறகு பிரேசிலில், சாவோ பாவ்லோவில் பாடம் நடத்தியபடியே படித்தார்.

இப்படிப் படமெடுக்கும் முறையைப் பின்பற்றும் ஆய்வு மாணவர்கள் வழுக்குவது ஓரிடத்தில்தான். ஒவ்வொரு ஆவணக் கட்டின் முதல் படத்திலும் கட்டு எண்ணும் தாள் எண்ணும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அடிக்குறிப்பு எழுதும்போது அந்தப் படம் பயன்படாது. 16ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் படிக்கவும் தனிப் பயிற்சி தேவை. படமெடுப்பதைவிட அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

இரண்டாம் உலகப்போரில், 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, ஜெர்மனியின் மைன்ஸ், பிறகு லூபெக் முகாம்களில் பள்ளி நோட்டுகளில் எழுதி, தன் வழிகாட்டியான வரலாற்றாசிரியர் லூசியன் ஃபெவ்ருக்கு அனுப்பினார். விடுதலைக்குப்பின் திருத்தி, 1947இல் ஆய்வேடாக வைத்தார், 1949இல் நூலானது.