டீச்சர் பதில்கள்: குறிஞ்சி பார்க்க நடந்துபோக வேண்டுமா?

கேள்வி: குறிஞ்சி பூக்கும் வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளி மொத்தமும் மலைக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரும். அடுத்த முறை 2030இல். ‘போனில் பார்த்தால் போதாதா, ஒரு நாள் பாடம் வீண்’ என்று பெற்றோர் கூட்டத்தில் இப்போதே பேச்சு. இந்த வழக்கத்தை விட்டுவிடலாமா?
— ஒரு தாய், பூம்பாறை

பதில்: விடவே விடாதீர்கள், அம்மா.

நானும் கொடைக்கானல் மலையில் படித்தவள்தான். 1970இல் பூத்தபோது ஐந்தாம் வகுப்பு. ஒவ்வொரு பெரிய பிள்ளையின் பொறுப்பிலும் ஒரு சின்னப் பிள்ளை. இறங்கி வரும்வரை கையை விடக் கூடாது. அட்டைக்காக உப்பைத் துணியில் முடிந்து குச்சி நுனியில் கட்டியிருப்போம். மூடுபனி ஈரத்தில் உப்பு கசிந்து குச்சியெல்லாம் பிசுபிசுக்கும். என்னைக் கூட்டிப்போன அக்காவின் முகம் மறந்துவிட்டது, அந்தப் பிடி மறக்கவில்லை.

பூவைப் பறிக்கவே கூடாது என்பது கண்டிப்பு. ஏன் என்பதை வாத்தியார் செடிக்கு முன்னால் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். 12 வருஷம் வளர்ந்து, ஒரே தரம் பூத்து, விதை விட்டதும் அந்தச் செடி பட்டுப்போகும். நாம் கிள்ளும் பூவில் அடுத்த தலைமுறைச் செடியின் விதை இருக்கிறது. அவர் பேசும்போதே மூக்குக்கு முன்னால் தேனீ ஒன்று பூவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் போன் காட்டுமா?

அப்புறம், ஒரு கணக்கு. பள்ளிப் படிப்பும் 12 வருஷம், குறிஞ்சியும் 12 வருஷம். ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் காலத்தில் ஒரே ஒரு தரம்தான் இந்த நடை வாய்க்கும். 2018இல் ஒன்றாம் வகுப்பில் நடந்த குழந்தைகூட 2030இல் பூக்கும் முன் பிளஸ் டூ முடித்துப் போயிருக்கும். அதாவது, ‘போன தடவை இப்படிச் செய்தோம்’ என்று சொல்ல மாணவர்களில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மற்ற விழாவை ஒரு வருஷம் விட்டால் மறு வருஷம் பிடித்துக்கொள்ளலாம். இதை 2030இல் விட்டால் அடுத்தது 2042. அதற்குள் எத்தனை டீச்சர்கள் மாற்றலாகியிருப்பார்கள்!

அதனால் இது ஊர்ப் பெரியவர்கள் கையில்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில், 2006இல் பள்ளிப் பிள்ளையாக நடந்தவர்கள் யார் யார் என்று கேளுங்கள். எதிர்த்துப் பேசியவர்களே கை தூக்கக்கூடும். அவர்களையும் வரிசையில் சேர்த்து, ஆளுக்கொரு சின்னப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாடம்தான் கவலை என்றால் ஒரு சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டலாம். காட்டுக்குள் போவதாக இருந்தால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் பூ நன்றாக இருக்கும்.