பழைய காரின் இரும்பு பம்பரை ‘ஸ்மூத்’ செய்வது என்றால் என்ன?

பம்பரின் முகத்தில் தெரியும் போல்ட் தலை, இணைப்புக் கோடு, வேண்டாத துளை எல்லாவற்றையும் இல்லாமலாக்கி, ஒரே தகட்டில் செய்ததுபோல் வழவழப்பாக்குவதுதான் ஸ்மூத்திங். காரை உரிமையாளரின் விருப்பப்படி மாற்றியமைக்கும் அமெரிக்க ‘கஸ்டம் கார்’ பட்டறைகளில் பழகிய வேலை.

1955 செவர்லேயில் வழக்கமான முன் பம்பர் மூன்று துண்டு. முதலில் பழைய குரோம் முலாமை முழுக்க நீக்குவார்கள். குரோமோடு வெல்டிங் செய்தால் வரும் புகை நஞ்சு. அப்புறம் துண்டுகளை வெல்டு வைத்து ஒன்றாக்கி, போல்ட் துளைகளை அடைத்து, பம்பரைப் பிடித்து நிற்கும் போல்ட்டுகளைப் பின்பக்கமே பற்றவைப்பார்கள். ஒரே மூச்சில் வெல்டு ஓட்டினால் சூட்டில் இரும்பு நெளியும். இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என்று ஆறவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடல் ஏன்? மேலே பூசும் குரோம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்கூட இருக்காது. அடியில் இருக்கும் பள்ளத்தை அது நிரப்பாது, அப்படியே காட்டிக்கொடுக்கும். புது எவர்சில்வர் தட்டில் சின்ன நெளிவு இருந்தாலும் டியூப்லைட்டின் பிம்பம் அந்த இடத்தில் வளைகிறதே, அதே கதைதான். பளபளப்பில் பெரும்பங்கும் குரோமுக்கு அடியில் உள்ள நிக்கலுடையது. நுண்ணிய குழிகளை அதற்கும் அடியில் உள்ள செம்புப் பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யலாம். என்னைக் கேட்டால் காசை அங்கே செலவழிப்பதே சரி.

“கதவுக்குப் பட்டி பார்ப்பதுபோல் பம்பருக்கும் பார்த்துவிட்டு குரோம் போடலாமே” என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண பட்டியில் மின்சாரம் பாயாது, அதனால் முலாம் அதன்மேல் ஏறவே ஏறாது.