பாழாக்குகிற அருவருப்பு

கேள்வி: மாற்கு 13-ஆம் அதிகாரத்தைக் காட்டி, உலக முடிவுக்கு வருடமே குறித்துப் பிரசங்கித்தார் ஒருவர். அன்றிலிருந்து என் அம்மா தூங்குவதில்லை. அதில் வரும் ‘பாழாக்குகிற அருவருப்பு’ என்பது என்ன ஐயா? – ஒரு வாசகி, பாளையங்கோட்டை.

பதில்: முதலில் அம்மாவிடம் அதே அதிகாரத்தின் 32-ஆம் வசனத்தைக் காட்டுங்கள், மகளே. அந்த நாளைப் பிதா தவிர யாரும் அறியார், குமாரனும் அறியார் என்று அங்கேயே இருக்கிறது. வருடம் குறிப்பவர்கள் அந்த வசனத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சரி, அருவருப்புக்கு வருவோம். அது தானியேல் புத்தகத்துச் சொல். கி.மு. 167-இல் அந்தியோகஸ் எப்பிபானஸ் என்ற கிரேக்க அரசன் எருசலேம் ஆலயப் பலிபீடத்தின் மேலேயே அந்நிய தெய்வத்துக்குப் பீடம் எழுப்பினான். அந்தக் காயத்துக்கு யூதர்கள் வைத்த பெயர் இது. கி.பி. 40-இல் ரோமப் பேரரசன் காலிகுலா தன் சிலையை அதே ஆலயத்தில் நிறுத்தச் சொன்னான். சீரியாவின் ஆளுநர் பெத்ரோனியு நாளைக் கடத்தினார். மறு வருடம் காலிகுலாவே கொல்லப்பட்டதால் தப்பித்தார்கள். பயம் மட்டும் போகவில்லை. 66-இல் ரோமருக்கும் யூதர்களுக்கும் போர் மூண்டது, 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை ஆலயத்தைக் கொளுத்தியது. அந்த வருடங்களை ஒட்டித்தான் மாற்கு எழுதினார் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

மாற்கு எழுதிய கிரேக்கத்தில், 14-ஆம் வசனத்தில் ஒரு விசேஷம் உண்டு. ‘அருவருப்பு’ அஃறிணைச் சொல் மாதிரி, பால் இல்லாதது. ஆனால் அதோடு வரும் ‘நிற்கிற’ என்ற சொல்லை மாற்கு ஆண்பாலில் எழுதியிருக்கிறார். ‘அருவருப்பு நிற்கிறான்’ என்று நாம் எழுதினால் எப்படி இருக்கும்? அது பிழை இல்லை என்றே நான் நினைக்கிறேன். பெயர் சொல்ல முடியாத ஒருவனை அவர் மனதில் வைத்திருக்கிறார். உடனே, ‘வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்’ என்று குறுக்கே பேசுகிறார். சபையில் உரக்கப் படிப்பவருக்குச் சொன்ன குறிப்பாக அது இருக்கலாம். பின்னால் எழுதிய மத்தேயு இலக்கணத்தைச் சரிசெய்துவிட்டார். லூக்கா அருவருப்பையே எடுத்துவிட்டு, எருசலேமைச் சேனைகள் சூழ்வதை எழுதினார்.

அதற்கடுத்த வசனங்களைத்தான் அம்மா வாசிக்க வேண்டும். மாடியில் இருப்பவன் பொருள் எடுக்க வீட்டுக்குள் இறங்க வேண்டாம். அந்த ஊர் வீடுகளில் மொட்டைமாடிக்கு வெளியில்தான் படி. வயலில் இருப்பவன் மேலங்கிக்குத் திரும்ப வேண்டாம். மாரிகாலத்தில் ஓட நேராதபடி ஜெபியுங்கள். அங்கே மழை குளிர்காலத்தில்தான், காய்ந்து கிடக்கும் ஓடைகள் வெள்ளமாகிவிடும். படை வரும்போது உயிர் தப்ப வேண்டிய ஏழை எளியவர்களுக்குச் சொன்ன வார்த்தைகள் இவை. வானம் இருளுவதெல்லாம் அப்புறம்தான் வருகிறது.

நான் இறையியல் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்த காலத்தில், மூன்று மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு வகுப்புக்கு வந்த ஒரு மாணவி 17-ஆம் வசனத்தை வாசித்தாள்: ‘பால் கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ!’ அதற்கு மேல் வாசிக்க முடியாமல் நின்றுவிட்டாள். சிறிது நேரம் கழித்து, “இவர் ஓடுற அம்மாக்களைப் பார்த்திருக்கார் ஐயா” என்றாள்.

14 முதல் 18 வரை அம்மாவுக்கு நீங்களே மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் எப்படித் தூங்கினார்கள் என்று எழுதுங்கள்.