வில்லை மாற்ற வேண்டாம், முதலில் குறிப்பு நோட்டைப் பாருங்கள்

பயிற்சியில் சரியாக விழும் அம்பு போட்டியில் மட்டும் 70 மீட்டரில் இடப்பக்கம் ஒதுங்குகிறது, சீசனும் முடிந்துவிட்டது, புது ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். நானும் பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன்தான், எனக்கும் இதே தொல்லை இருந்தது. சீசன் முடிந்து நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, முதல் 36 அம்பு நன்றாகவே விழுந்திருக்கிறது, அதற்குப் பிறகுதான் எல்லாம் இடப்பக்கம். போட்டியில் 72 அம்பு விட வேண்டும், நான் தினமும் பழகியதோ 36. தோள் சோர்ந்ததும் விரல் நாணை வெளிப்பக்கம் இழுத்துவிடும், வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் போவதற்கு அது ஒன்றே போதும். அப்புறம் நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் அடிக்கும், தென்னந்தோப்பு மறைவில் பழகினால் அது உறைக்கவே உறைக்காது. உங்கள் அம்பு எத்தனையாவதிலிருந்து ஒதுங்குகிறது, அன்று இலக்கு எந்தத் திசையில் இருந்தது? இரண்டையும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.