யாருடைய மரக்கால்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வாசகர் வட்டத்தில் சென்ற ஞாயிறன்று ஒரு வாக்குவாதம். பிரெஞ்சுக்காரர்கள் உலகத்துக்குத் தந்த ஆகப்பெரிய கொடை எது? ஒருவர் 1789 புரட்சி என்றார். மருத்துவரான நண்பர் பாஸ்டர் என்றார். நாவலும் ஓவியமும் என்றார் இன்னொருவர். அதுவரை பேசாமலிருந்த ஒரு பெரியவர், "ஊரைப் பிடித்து ஆண்டவர்கள் கொடுத்ததற்குக் கொடை என்று பெயரா?" என்று கோபமாகக் கேட்டார். பேச்சு அதோடு நின்றுவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எஸ்.,
புதுச்சேரி

அன்புள்ள எஸ்.,

அந்தப் பெரியவரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் கோபம் நியாயமானது. 1794இல் அடிமைமுறையை ஒழித்த அதே பிரான்ஸ், 1802இல் நெப்போலியன் காலத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அடிமைகளாக இருந்தவர்கள் போரிட்டு வென்று 1804இல் ஹைத்தி என்ற நாட்டை அமைத்தார்கள். 1825இல் அந்த நாட்டின் கடற்கரையில் போர்க்கப்பல்களைக் கொண்டுபோய் நிறுத்தி, 15 கோடி ஃபிராங்க் இழப்பீடு கேட்டது பிரான்ஸ். விடுதலை பெற்றவர்கள், தங்களை அடிமைப்படுத்தியவர்களுக்கு அந்தக் கடனைத் தலைமுறைகளாகக் கட்டினார்கள். இதைச் சொல்லாமல் கொடையைப் பற்றிப் பேசினால் அது வெறும் புகழ்மாலை. ஆகவே அவரை அடுத்த கூட்டத்துக்கும் கட்டாயம் அழையுங்கள்.

மருத்துவ நண்பர் சொன்னதையும் நான் மறுக்க மாட்டேன். 1885 ஜூலையில் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு பாஸ்டர் ஊசி போடவைத்தார், அவன் பிழைத்தான். அந்த மருந்தின் பொருட்டே 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. நம் தோளில் இருக்கும் பிசிஜி தழும்பின் 'சி'யும் 'ஜி'யும் கால்மெட், கெரேன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்களின் பெயர்கள். மூன்று வயதில் கண்ணைக் குத்திக்கொண்டு பார்வை இழந்த லூயி பிரெயில், பதினைந்து வயதில் ஆறு புள்ளிகளால் ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். இவற்றில் எதை ஆகப்பெரியது என்று யார் சொன்னாலும் சரி என்பேன்.

ஆனால் என்னைக் கேட்டால் மீட்டர் என்பேன். துணிக்கடையில் இருக்கும் அந்த மீட்டர்தான். காரணம் என் தாத்தா.

தாத்தா குத்தகை விவசாயி. நிலத்துக்காரர் வீட்டில் நெல் அளக்கும் பாத்திரமான மரக்கால் இரண்டு இருந்ததாம். குத்தகை நெல்லை வாங்க ஒன்று, விதைநெல் கடன் கொடுக்க ஒன்று. வாங்கும்போது கோபுரமாகக் குவித்து அளப்பார்கள். கொடுக்கும்போது கையால் தலை தட்டி அளப்பார்கள். களத்தில் அளக்கிறவர், ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்று தொடங்கி, "லாபம், ரெண்டு, மூணு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். எண்ணிக்கையில் ஒரு தப்பும் இருக்காது. தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பார்த்தபடி நிற்பார். வாய் திறக்க முடியாது. நிலம் அவர்களுடையது, மரக்காலும் அவர்களுடையது. கொள்ளை எண்ணிக்கையில் இல்லை, பாத்திரத்தில் இருந்தது என்று அப்பா சொல்வார்.

புரட்சிக்கு முந்தைய பிரான்ஸைப் பற்றி முதன்முதலாக விரிவாகப் படித்தபோது, எங்கள் ஊர்க் களத்தில் நிற்பதுபோல இருந்தது எனக்கு. அங்கே ஊருக்கு ஓர் அளவு, பிரபுவுக்கு ஓர் அளவு. பெயர் ஒன்றாகவே இருக்கும், அளவு மாறும். வழக்கத்தில் இருந்த வெவ்வேறு அளவுகள் இரண்டரை லட்சம் வரை இருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். தானியம் அளக்கும் பாத்திரத்தை வைத்திருப்பது பிரபுவின் உரிமை. குவித்து அளப்பதும் தலை தட்டி அளப்பதும் அங்கும் ஓயாத வழக்கு. 1789இல் அரசர் நாடெங்கும் குறைகளைக் கேட்டு எழுதி வாங்கினார். வந்து குவிந்த மனுக்களில் எத்தனையோ ஊர்கள் கேட்டது இதுதான்: நாடு முழுவதும் ஒரே எடை, ஒரே அளவு வேண்டும்.

பாரிஸின் அளவையே எல்லோருக்கும் சட்டமாக்கியிருந்தால் வேலை ஒரே நாளில் முடிந்திருக்கும். பாரிஸில் 'அரசரின் அடி' என்றே ஓர் அளவு இருந்தது. நம்மிடமும் ராஜகேசரி மரக்கால் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், அதற்குச் சமமான ஆடவல்லான் என்ற மரக்காலையும் படிக்கலாம். ஒன்றுக்கு அரசன் பெயர், மற்றதற்கு இறைவன் பெயர். உலகம் முழுக்க அளவு என்பது அதிகாரத்தின் பெயரைத் தாங்கித்தான் இருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சுலபமான வழியை விட்டார்கள். போர்தா, லக்ராஞ்ஜ், லாப்லாஸ், மோன்ழ், கோந்தோர்சே ஆகிய அறிஞர்கள் ஐவர் குழு 1791 மார்ச்சில் ஒரு முடிவைச் சொன்னது. எந்த அரசனுக்கும் எந்த ஊருக்கும் உரிமையில்லாத ஒன்றிலிருந்து அளவை எடுக்க வேண்டும், அது பூமி. வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையான தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர். "எல்லாக் காலத்துக்கும், எல்லா மக்களுக்கும்" என்பது அந்த முயற்சியின் முழக்கம்.

இதில் பிரெஞ்சுப் பெருமிதமும் கலந்திருந்தது. அளக்கப்போகும் கோடு பாரிஸ் வழியாகப் போனது. இதைப் பிரான்ஸில் மட்டும்தானே அளக்க முடியும் என்று அமெரிக்காவின் ஜெஃபர்சன் குறைபட்டார். அதுவும் நியாயம்தான். என்றாலும், தோற்ற அரசனின் அடியை எடுத்துவிட்டு வென்றவனின் அடியை வைக்காமல் பூமியைத் தேடிப்போன மனத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

1792 ஜூனில் இரண்டு வானியலாளர்கள் பாரிஸிலிருந்து கிளம்பினார்கள். தெலாம்ப்ர் வடக்கே, மெஷேன் தெற்கே. அந்தக் கோட்டின் ஒரு பகுதியை அளந்து, அதிலிருந்து முழுத் தூரத்தையும் கணக்கிடுவது திட்டம். வடகடலோரம் டன்கர்க் முதல் ஸ்பெயினின் பார்சலோனா வரை தேவாலய கோபுரங்களையும் மலையுச்சிகளையும் முக்கோணங்களாக இணைத்துக் கோணம் கோணமாக அளக்க வேண்டும். இருவரும் நடுவில் ரோதெஸ் என்ற ஊரின் தேவாலயத்தில் வந்து சேர வேண்டும். ஓராண்டு வேலை என்று நினைத்தார்கள். ஏழாண்டு ஆனது.

நாடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. கோபுரத்தில் ஏறிக் கருவியைத் திருப்புகிறவன் ஒற்றனாகத்தானே தெரிவான்? தூரத்திலிருந்து பார்க்க வசதியாகத் தெலாம்ப்ர் கட்டிய வெள்ளைத் துணியை அரசர் கட்சியின் கொடி என்று நினைத்தார்கள் மக்கள். பக்கத்தில் சிவப்பும் நீலமும் சேர்த்துத் தைக்க வேண்டியிருந்தது. பாரிஸை அடுத்த சேன் தெனியில் கூட்டம் அவரை வளைத்துக்கொண்டது. வண்டியிலிருந்த கருவிகளை நடுத்தெருவில் இறக்கிவைத்து, பூமியை எப்படி அளப்பது, எதற்காக அளப்பது என்று கூட்டத்துக்குப் பாடம் நடத்தினார் அவர். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முடிவில் அதிகாரிகள் தலையிட்டுக் காப்பாற்றினார்கள். இந்தக் காட்சியை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். யாருக்காக அந்த அளவோ, அவர்களே சந்தேகத்தோடு சுற்றி நிற்கிறார்கள்.

பாரிஸில் இருந்தவர்களுக்கு இதைவிட மோசம். தண்ணீரின் எடையைத் துல்லியமாக அளந்து கிலோகிராமுக்கு வழி செய்தவர்களில் ஒருவரான லவாய்சியர், 1794 மே 8 அன்று கில்லட்டினில் தலை இழந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு கோந்தோர்சே சிறைக்கொட்டடியில் செத்துக் கிடந்தார். தெலாம்ப்ரையே வேலையிலிருந்து நீக்கினார்கள். 1795இல்தான் திரும்ப அழைத்தார்கள்.

இனி மெஷேன். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவது இவருக்காகத்தான். பார்சலோனாவில் ஒரு நீரேற்றும் இயந்திரத்தைப் பார்க்கப்போன இடத்தில் அதில் அடிபட்டு விலா எலும்பு முறிந்து, நினைவிழந்து கிடந்தார். பிழைத்து எழுந்தபோது ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் போர். ஊரை விட்டுப் போகவிடவில்லை. மோன்ட்ஜுயிக் கோட்டையில் நட்சத்திரங்களைப் பார்த்து அந்த இடத்தின் அட்சரேகையை ஏற்கெனவே கணித்திருந்தார். போரினால் கோட்டைக்குள் இப்போது விடமாட்டார்கள். சும்மா இருக்க மனமில்லாமல், தங்கியிருந்த விடுதியிலிருந்து மறுபடி நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்தார். இரண்டும் பொருந்தவில்லை. மூன்று விநாடிக் கோணம் வித்தியாசம். ஒரு வட்டத்தை 12 லட்சத்து 96 ஆயிரம் பங்காக்கி, அதில் மூன்று பங்கு. தரையில் வைத்தால் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் திரும்பாமல் மலைகளில் திரிந்தார். கடிதங்களில் தன்னையே நொந்துகொண்டார். 1799 ஜூன் 22 அன்று பிளாட்டினத்தில் வார்த்த மீட்டர் கோல் பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டு, நாடே கொண்டாடியபோதும் அந்த முள் அவருக்குள் இருந்தது. நான்கு ஆண்டு கழித்து, அளந்த கோட்டினைத் தெற்கே பலேரிக் தீவுகள் வரை நீட்டுகிறேன் என்று மறுபடி ஸ்பெயினுக்குப் போனார். 1804 செப்டம்பரில் காய்ச்சலில் விழுந்து அங்கேயே இறந்தார்.

அவருடைய தாள்கள் தெலாம்ப்ரிடம் வந்தன. எண்கள் அழிக்கப்பட்டு, மாற்றப்பட்டு, ஒத்துப்போவதுபோல எழுதப்பட்டிருந்தன. நண்பரின் பெயரைக் கெடுக்கவும் மனமில்லை, கணக்கை மறைக்கவும் மனமில்லை. பக்கம் பக்கமாகச் சரிபார்த்துத் தன் குறிப்புகளை எழுதி, அந்தத் தாள்களைப் பாரிஸ் வானாய்வகத்தில் வைத்துவிட்டுப் போனார். இன்று நமக்கு விவரம் தெரிவது அதனால்தான். மெஷேன் பெரிதாகத் தப்பு செய்துவிடவில்லை என்பதும் அதனால்தான் தெரிகிறது. எத்தனை கவனமாக அளந்தாலும் கருவிக்கும் காற்றுக்கும் ஒரு சிதறல் உண்டு, அதையும் கணக்கில் கொள்ள வழி உண்டு. அந்த வழியை 1805இல் கணித அறிஞர் லெஜாந்த்ர் வெளியிட்டார். அவர் காட்டிய உதாரணமே இந்த மீட்டர் அளவைதான். மெஷேன் இன்னும் ஓராண்டு இருந்திருந்தால் தன்னை மன்னித்திருப்பாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

பூமி அவர்கள் நினைத்த அளவு ஒழுங்கான உருண்டையும் இல்லை. அதனால் அந்த மீட்டர், நினைத்ததைவிட 0.2 மில்லிமீட்டர் குட்டை. அந்தக் குட்டையான கோலையே உலகம் ஏற்றுக்கொண்டது.

உடனே ஏற்கவில்லைதான். பிரெஞ்சு மக்களே பழைய அளவுகளை விடவில்லை. நெப்போலியன் 1812இல் பழைய பெயர்களுக்கு மறுபடி இடம் கொடுத்தார். 1840இல்தான் மீட்டர் அங்கே கட்டாயமானது. 1875 மே 20 அன்று 17 நாடுகள் பாரிஸில் ஒப்பந்தம் போட்டன. அளவுகளைக் காக்கும் பொது நிலையத்துக்காக, செவ்ர் என்ற இடத்தில் ஒரு மாளிகையைப் பிரான்ஸ் கொடுத்தது, அதை நடத்துவது எல்லா நாடுகளும் சேர்ந்து. 1983 முதல் மீட்டருக்கு அளவுகோல், குறிப்பிட்ட நேரத்தில் ஒளி செல்லும் தூரம். 2019இல் கிலோகிராமும் உலோகக் கட்டியை விட்டுவிட்டது. இப்போது அதன் அளவு செவ்ரின் பெட்டகத்தில் உள்ள கட்டியை நம்பி இல்லை, வசதியுள்ள ஆய்வகம் எதுவும் தானே செய்து பார்த்துக்கொள்ளலாம்.

பாரிஸில் வோஜிரார் தெருவில், லக்சம்பர்க் மாளிகைக்கு எதிரே, வளைவுகளுக்கு அடியில் சுவரில் ஒரு சலவைக்கல் பட்டை இருக்கிறது. மேலே 'மீட்டர்' என்று செதுக்கியிருக்கும். 1796, 97இல் ஜனங்கள் அதிகம் நடமாடும் இடங்களாகப் பார்த்து இப்படி 16 கற்களைப் பதித்தார்கள். முதலில் வைத்த இடத்திலேயே மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். கடையில் துணி வாங்கியவர்கள் வழியில் நின்று பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். காவலாளி கிடையாது, கட்டணம் கிடையாது. நான் போனபோது விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினேன். தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

புரட்சியை முன்மொழிந்த நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். பத்து நாள் வாரம், பத்து மணி நேர நாள் என்று புரட்சி செய்த பலவும் சில ஆண்டுகளிலேயே போய்விட்டன. கில்லட்டினும் போய்விட்டது. மீட்டர் நின்றது. சமத்துவம் என்று சொன்னதை, வாங்குகிறவனும் விற்கிறவனும் கையில் பிடித்துப் பார்க்கும் ஒரு பொருளாகச் செய்துகொடுத்தது அது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

இந்தியா 1956இல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மெட்ரிக் முறைக்கு வந்தது. எங்கள் ஊருக்கு வர இன்னும் சில ஆண்டு ஆயிற்று. நெல்லை மூட்டையாகத் தராசில் நிறுக்கத் தொடங்கிய முதல் அறுவடையில், தாத்தா இரும்பு எடைக்கற்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துத் திருப்பி, அடியில் ஈயத்தில் குத்தியிருந்த அரசு முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாராம். பிறகு, நானே சொல்கிறேன் என்று முன்னால் வந்து நின்றுகொண்டார். முதல் மூட்டை தட்டில் ஏறியதும் "லாபம்" என்றாராம்.

அன்புடன்.