கோடு 500க்கு, எண் 250க்கு

கேள்வி: அக்கா, பீன்யாவில் ஒரு பட்டறைக்கு மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திரையை ஜாவா ஸ்விங்கில் (ஜாவாவில் திரை செய்யும் நூலகம்) எழுதிக் கொடுத்தேன். ஸ்லைடர் (இழுத்து நகர்த்தும் பட்டை) 0 முதல் 1500 வரை, 250க்கு ஒரு எண். போன மாதம் 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மோட்டார் வந்தது. மெனுவில் மோட்டாரை மாற்றியதும் உச்சம் 3000, இடைவெளி 500 ஆகும்படி எழுதினேன். கோடுகள் சரியாக 500க்கு ஒன்று விழுகின்றன. எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இன்னொரு ஸ்லைடரில் நில், மெது, வேகம் என்று சொற்கள் இருக்கின்றன. கன்னடத்துக்கு மாற்றினால் பாதிச் சொல்லும் மூன்று புள்ளியும்தான் தெரிகிறது. என்ன செய்வது?
— வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: தம்பி, திரையில் உள்ள எண்களை எண்ணிப் பாருங்கள். 13 இருக்கும். அதாவது 0, 250, 500 என்று 3000 வரை. நீங்கள் கொடுத்த 500 என்ற இடைவெளி கோடுகளுக்கு மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஜேஸ்லைடரில், அதாவது ஸ்விங்கின் ஸ்லைடரில், கோடு வேறு, எண் வேறு. எண்கள் ஒரு லேபிள் டேபிளில், அதாவது எந்த இடத்தில் என்ன எழுத்து என்ற பட்டியலில், இருக்கின்றன. முதல் முறை செட்மேஜர்டிக்ஸ்பேசிங் (கோட்டு இடைவெளியை வைக்கும் கட்டளை) கொடுத்தபோது டேபிள் எதுவும் இல்லாததால் ஸ்விங் தானே ஒன்றைச் செய்து கொண்டது. 250 என்ற படி அதற்குள் பதிந்துவிட்டது. உச்சத்தை மாற்றினால் அந்த டேபிள் தன்னை நீட்டிக்கொள்ளும், ஆனால் பழைய படியிலேயே நீட்டும். இடைவெளியை மாற்றினாலோ, டேபிள் ஏற்கெனவே இருப்பதால் ஸ்விங் அதைத் தொடாது. இது பிழை இல்லை, ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. படிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

சரி, வழி ஒரே வரி. உச்சத்தையும் இடைவெளியையும் மாற்றிய பிறகு, கிரியேட்ஸ்டாண்டர்ட்லேபிள்ஸுக்கு (எண் டேபிள் செய்யும் கட்டளை) 500 கொடுத்து, அது தரும் டேபிளை செட்லேபிள்டேபிளில் போடுங்கள். எண்கள் ஏழாகக் குறைந்துவிடும்.

இதை அலங்கார விஷயம் என்று நினைக்காதீர்கள். பல வருடம் முன்னால் ஒரு பேக்கரி அடுப்புக்கு நான் எழுதிய திரையில் 180ம் 190ம் ஒட்டிக் கிடந்தன. இரவு ஷிஃப்ட் பையன் தப்பாகப் படித்து, ஒரு தட்டு ரொட்டி முழுக்கக் கருகிப் போனது. திட்டு வாங்கியது அவன், தவறு என்னுடையது. அது இன்றைக்கும் உறுத்துகிறது. உங்களுடையது சுற்றுகிற மோட்டார், பக்கத்தில் ஆள் நிற்கிறார்.

சொல் வெட்டுப்படுவதற்குக் காரணம் வேறு. டேபிளுக்குள் இருக்கும் ஜேலேபிளை (எழுத்தைக் காட்டும் துண்டு) எடுத்து எழுத்தை மட்டும் மாற்றியிருப்பீர்கள். அந்த லேபிளின் அகலம் டேபிளைப் பொருத்திய நேரத்தில் கணக்கிட்டது. 'நில்' போதுமான இடத்தில் 'நில்லிசி' எப்படி அடங்கும்? மொழி மாறும் ஒவ்வொரு முறையும் புது ஹாஷ்டேபிள் (லேபிள் டேபிளாகப் போடும் பட்டியல்), புது ஜேலேபிள்கள் செய்து மறுபடி பொருத்துங்கள். பழைய ஹாஷ்டேபிளையே திருப்பிக் கொடுக்காதீர்கள், ஸ்லைடர் தன் அமைப்பைத் திரும்பக் கணக்கிடாது. பட்டியலின் சாவி, அதாவது லேபிள் விழும் இடம், இன்டீஜராகவே (முழு எண்) இருக்கட்டும்.

இப்படிச் சொந்தமாகச் செய்த டேபிள் உச்சம் மாறினால் தானாக நீளாது. அதில் ஒரு வசதியும் உண்டு: வேண்டிய எண்ணில் மட்டும் லேபிள் போடலாம். 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் (மின்சாரத்தின் அதிர்வெண்ணும் துருவங்களும் தரும் கணக்கு வேகம்) 1500 என்றாலும், சுமையோடு ஓடும்போது அதற்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். மோட்டாரின் பெயர்த்தகட்டில் 1440 என்றிருந்தால் 1440லேயே ஒரு லேபிள் வையுங்கள், ஆபரேட்டருக்குப் பழகிய எண் அதுதான்.

அப்புறம் ஃபாண்ட். விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா யூஐயில் தமிழும் கன்னடமும் சேர்ந்தே இருக்கின்றன. ஸ்லைடருக்கு மட்டும் அதைக் கொடுத்தால் நீங்கள் செய்த ஜேலேபிள்களுக்குப் போகாது. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுங்கள், அதுவும் டேபிளைப் பொருத்துவதற்கு முன்னால்.